வேர் நிறைந்த தொட்டி



நம் கோயமுத்தூர்ப் பக்கத்து வீடுகளில் குண்டுமல்லித் தொட்டி இல்லாத வாசல் அபூர்வம். மண் தொட்டி இல்லாவிட்டால் பழைய பெயிண்ட் வாளியிலாவது ஒரு செடி நிற்கும். மாதா சுரூபத்துக்குச் சரம் தொடுக்க அதுவே போதும். இரண்டு வருஷம் கொட்டிப் பூத்த அந்தச் செடி, பிறகு சிறுத்த பூவாய் நாலைந்து கொடுக்கிறது. இலை பழுக்கிறது. விட்ட தண்ணீர் நில்லாமல் அடித்துளை வழியே ஓடிவிடுகிறது. நாமோ எரு போதவில்லை என்று மேலும் மேலும் எருவைக் கொட்டுகிறோம்.

தொட்டியைச் சாய்த்து அடியைப் பாருங்கள். துளைக்கு வெளியே வேர் நீண்டிருக்கும். உள்ளே மண் கொஞ்சமே. வேர்தான் சுவரோரமாய் வட்டமிட்டுச் சுருண்டு கிடக்கும். செடிக்கு நோயில்லை. அது வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

பூ ஓய்ந்து கவாத்து செய்கிற கார்த்திகை மார்கழியில் தொட்டியை மாற்றலாம். முதல்நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினால் மண்கட்டி முழுசாய் வெளிவரும். வராவிட்டால் தொட்டியை உடைத்துவிடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கவேண்டாம். சுருண்ட வேரை விரலால் பிரித்து, அழுகியதை நறுக்கிவிட்டு, செம்மண்ணும் மணலும் மக்கிய சாணியும் கலந்து நடுங்கள். நம் கரிசல் மண்ணை மட்டும் போட்டால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இறுகிவிடும். முன்பு எந்த ஆழத்தில் நின்றதோ அதே ஆழம் போதும்.

பெற்றோரே, உங்கள் வீட்டில் படிப்பு முடித்த மகன், வேலை கிடைத்த மகள் இருக்கிறார்களா? சென்னைக்கோ பெங்களூருக்கோ போகவேண்டும் என்றவுடன், “வேண்டாங் கண்ணு, இருக்கிறது போதும்” என்று அழுகிறீர்கள். கன்னியர் மடத்துக்குப் போக ஆசைப்படும் பெண்ணிடம் மூன்று வருஷமாய் “அப்புறம் பார்க்கலாம்” என்கிறீர்கள். பிள்ளை முகம் வாடுகிறது, பேச்சுக் குறைகிறது. நீங்களோ நல்ல துணியும் பலகாரமும் வாங்கிக்கொடுத்துப் பார்க்கிறீர்கள். இது வேர் நிறைந்த தொட்டியில் எரு கொட்டுவது அல்லாமல் வேறென்ன?

இதற்கு நேர்மாறான அவசரமும் உண்டு. சின்னச் செடியை அண்டாவளவு தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி வேர் அழுகும். பழைய தொட்டியைவிட இரண்டு அங்குலம் அகலம் போதும். பக்கத்து வீட்டுப் பையன் போனான் என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளையை விடுதிப் பள்ளியில் தள்ளுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

மாற்றிய செடி முதலில் துவளும், இலை உதிர்க்கும். பத்து நாள் நிழலில் வைத்து அளவாய்த் தண்ணீர் விட்டால் போதும். புதுத்துளிர் காணுமுன் எரு கூடாது. வேர் பிடித்ததா என்று தினம் அசைத்துப் பார்ப்பவர் செடியைக் கொல்லுகிறார். தினம் நாலு முறை டெலிபோனில் அழைத்து, “அங்கே பிடிக்காவிட்டால் வந்துவிடு” என்று சொல்லும் தாய்மாரும் இதையே செய்கிறார்கள். புதிதாய் வந்த மருமகளை முதல் மாதமே குறைசொல்லுகிற மாமியாருக்கும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

கோவை மறைப்பரப்பின் முதல் மேற்றிராணியார் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் ஆண்டகை பிரெஞ்சு தேசத்தவர். மகன் வேதபோதகத்துக்குப் போவதில் தகப்பனார் எளிதில் சம்மதிக்கவில்லை. 1842-ல் புதுச்சேரியில் வந்திறங்கிய அவர், 1846-ல் நம் கருமத்தம்பட்டியில் மேற்றிராணியாராய் அபிஷேகம் பெற்றார். சுதேச குருக்களை உருவாக்கவேண்டும் என்பதே அவர் கவலை. 1854-ல் இங்கிருந்து போய், 1856-ல் லியோன் நகரில் ஆப்பிரிக்க வேதபோதக சபையைத் தொடங்கினார். 1859-ல் சியரா லியோன் நாட்டுப் பிரீடவுன் துறைமுகத்தில் இறங்கி ஆறே வாரத்தில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அன்று பார்த்தவர்கள் செடி பட்டுப்போயிற்று என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தச் சபையோ இன்றும் ஆப்பிரிக்காவில் வேலை செய்கிறது.

அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தில் வரும் தோட்டக்காரன், காய்க்காத அத்திமரத்துக்காக எஜமானிடம் இன்னும் ஒரு வருஷத் தவணை கேட்கிறான். எரு போடுவதற்கு முன்னே சுற்றிலும் கொத்திவிடுவதாகச் சொல்லுகிறான் என்பதைக் கவனியுங்கள்.

ஜூன் மாதம் வெளியூர் புறப்படும் பிள்ளைகள், போகுமுன் ஒருநாள் தாய்தகப்பனுடன் காலைப் பூசைக்கு வந்து ஆசீர் பெற்றுப் போகலாம்.