தண்ணீர் இறங்கும் ஊர்

மழை விட்ட காலை. எங்கள் குடியிருப்பின் பின்சுவரை ஒட்டி ஒரு பாறை கிடக்கிறது. ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவு. கட்டடம் எழுப்பியவர்கள் உடைத்தது போக மிச்சம் விட்டது. சாய்ந்த அதன் முதுகில் ஒன்பது குழிகள் ஒரே கோட்டில் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. ஒவ்வொன்றிலும் விரல் இரண்டாம் கணு வரை போகும். உள்பக்கம் தடவினால் உளி பட்ட வரிகள் தட்டுப்படுகின்றன.

கல்லுடைப்பவர்கள் இப்படித்தான் கோடு போட்டுக் குழி எடுப்பார்கள். பிறகு குழிக்கு ஒரு இரும்பு ஆப்பு. வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி, மறுபடி முதலிலிருந்து. அடி விழ விழ ஓசை மாறிக்கொண்டே வரும். ஓசை அமுங்கியதும் கையை நிறுத்திக் காத்திருப்பார்கள். கல் தானாக வாய் பிளக்கும். இந்தக் கல்லுக்கு ஆப்பு வைக்கும் நாள் வரவில்லை. யாரோ ஒன்பது குழி தோண்டிவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

ஹைதராபாத்தின் கருங்கல்லுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அதன் மேல் ஒரு மனிதனின் அரைநாள் வேலை அப்படியே நிற்கிறது. இன்று ஐந்தாவது குழியில் ஒரு கொண்டைக்குருவி தண்ணீர் குடித்தது.

*

நான் பிறந்தது ஏரல் பக்கம். தாமிரபரணி கடலுக்குப் போகும் முன் கடைசியாகப் பார்க்கும் ஊர்களில் ஒன்று. ஊர் என்றால் ஓர் ஆறு இருக்கும், அதற்கு ஒரு கரை இருக்கும் என்று நினைத்தே வளர்ந்தேன். ஹைதராபாத்தின் மல்காஜ்கிரிக்கு வந்த புதிதில் எனக்கு இந்த ஊர் பிடிபடவில்லை. திசை சொல்ல ஆறு இல்லை. பாறைமேடு, அதன்மேல் வீடு, வீட்டுக்குப் பின்னால் இன்னொரு பாறைமேடு. மல்லிகார்ஜுனன் குடியிருக்கும் கிரி, அதனால்தான் மல்காஜ்கிரி என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். பெயரிலேயே குன்று இருக்கிறது, தண்ணீர் இல்லை. மூசி ஆறு தெற்கே தள்ளி ஓடுகிறது. பேருந்தில் பாலத்தைக் கடக்கையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஆறு இல்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. பார்க்கத் தெரியவில்லை.

*

சஃபில்குடா ஏரிக்கரையில் காலை நடை. இதற்கு நடிமி செருவு என்றும் பெயர். செருவு என்றால் ஏரி, நடிமி என்றால் நடுவில் இருப்பது. பெயரைக் கேட்டவுடனேயே எதற்கும் எதற்கும் நடு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்க எனக்குப் பத்து வருடம் ஆனது.

மேலே ராமகிருஷ்ணாபுரம் ஏரி. அது நிரம்பினால் நடிமி செருவுக்கு வரும். நடிமி நிரம்பினால் மல்காஜ்கிரியின் பண்டா செருவுக்கு இறங்கும். பண்டா என்றால் பாறை. அதற்கும் கீழே போகிற தண்ணீர் கடைசியில் மூசிக்குப் போகிறது. மூசி வாடபல்லியில் கிருஷ்ணாவில் சேர்கிறது.

இது எங்கள் ஊர்க் குளங்களின் கணக்குத்தான். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தென்கால் ஒரு பக்கம், வடகால் ஒரு பக்கம். ஒரு குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்கு உயிர். அந்தப் பக்கம் கடம்பாகுளம், இந்தப் பக்கம் கோரம்பள்ளம் என்று கடைக்குளம் வரை சங்கிலி போகும். மறுகால் பாயும் சத்தத்தை ராத்திரி படுக்கையில் கேட்டு, நாளைக்கு எந்த வயலுக்குத் தண்ணீர் என்று சொல்லிவிடுவார் தாத்தா. நாங்கள் மறுகால் என்பதை இங்கே மத்தடி என்கிறார்கள், அலுகு என்றும் சொல்கிறார்கள். கரைக்கு கட்ட. மடைக்கு தூமு. தூமு என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது நின்றுவிட்டேன். பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளில் வரும் தூம்பு அது. ஒரு பகர மெய்யைத் தவறவிட்டதைத் தவிர முழுசாக இங்கேயே இருக்கிறது.

ஏரியில் ஆகாயத்தாமரை. அதை இயந்திரம் வைத்து வாருகிறார்கள். ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. மேலிருந்து வருவதில் மழைத்தண்ணீரைவிடச் சாக்கடை அதிகம். தூமு திறந்து நெல்லுக்குப் பாய்ச்சிய காலம் போய்விட்டது. பாய்ந்த வயல்களின் மேல்தான் நாங்கள் குடியிருக்கிறோம். இதை எழுதும்போது மனம் கனக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

*

மேட்சல் போகும் எம்எம்டிஎஸ் உள்ளூர் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். மல்காஜ்கிரி, தயானந்த் நகர், சஃபில்குடா, ராமகிஷ்டாபுரம் கேட். சட்டென்று உறைத்தது. தண்ணீர் இறங்கும் வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் ரயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பண்டா செருவிலிருந்து நடிமி, நடிமியிலிருந்து ராமகிருஷ்ணாபுரம். அதற்குப் பிறகு வருவது அம்முகுடா, கேவல்ரி பேரக்ஸ், அல்வால், பொலாரம். இந்த மூன்று ஏரிகள் முடிந்த இடத்தில் ராணுவம் தொடங்குகிறது.

*

மேல்மாடியில் குடியிருக்கும் அண்ணன் லல்லாகுடா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய முன்னோர் வேலூர்ப் பக்கத்திலிருந்து மதராஸ் படையோடு செகந்திராபாத் வந்தவர்கள். நிஜாமோடு செய்த 1798 ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே ஆங்கிலேயர் நிறுத்திய படை மதராஸ் படை. சிப்பாய், சமையல்காரர், சலவைக்காரர், கான்டிராக்டர் என்று பின்னாலேயே தமிழர்களும் வந்தார்கள். பத்மாராவ் நகர் என்று தினமும் பஸ்ஸில் வாசிக்கிற பெயருக்கு உரியவர் திவான் பகதூர் பத்மாராவ் முதலியார். அண்ணனின் தமிழில் உருதும் தெலுங்கும் கலந்திருக்கும். ஆனால் கணக்குப் போடுவது தமிழில்தான், ஒண்ணே கால், ஒண்ணரை என்று.

வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு ரயில் வந்தது 1874-இல். நிஜாமின் பணத்தில் போட்ட பாதை. பிறகு நிஜாமின் உத்தரவாதம் பெற்ற ஒரு கம்பெனியின் கையில் கிழக்கே வாரங்கலுக்கும் பெஜவாடாவுக்கும் நீண்டது. சிங்கரேணி நிலக்கரியும் அந்த வழியாகத்தான் வந்தது. 1893-இல் லல்லாகுடாவில் ஒர்க்‌ஷாப். 1900-ஐ ஒட்டி மன்மாட் வரை மீட்டர் கேஜ் பாதை. மல்காஜ்கிரி அதன்மேல் இருந்த ஒரு கிராமம். 1930-இல் நிஜாம் அரசே கம்பெனியிடமிருந்து ரயிலை எடுத்துக்கொண்டது. 1966-இல் செகந்திராபாத்தைத் தலைமையிடமாக வைத்துத் தென்மத்திய ரயில்வே பிறந்தது. மின்சார எஞ்சின்களுக்கு லல்லாகுடா ஷெட், டீசலுக்கு மௌலாலி ஷெட். இடையில் கிடந்த மல்காஜ்கிரியில் ரயில்வேக்காரர்கள் மனை வாங்கினார்கள். ஒரு சம்பளத்தில் அஸ்திவாரம், ஒரு போனஸில் தளம் என்று வீடுகள் எழும்பின. கல்லுக்குப் பஞ்சமே இல்லை. வாசலிலேயே உடைத்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லியும் இதே கருங்கல்தான்.

அண்ணனிடம் ஒருநாள் கேட்டேன், ஸ்டேஷனில் ஒருவர் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு சக்கரத்தைத் தட்டிக்கொண்டே போவாரே, எதற்கு என்று.

“காதுக்குத் தம்பி. நல்ல சக்கரம் தட்டினா மணி மாதிரி பேசும். விரிசல் விட்டிருந்தா ஓட்டைப் பானை சத்தம். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட காதுக்குத் தெரிஞ்சிடும். நான் சின்னப் பையனா சேர்ந்தப்போ பெரியவரு ஒருத்தரு, கண்ண மூடிக்கோடா, மூடிக்கிட்டுக் கேளுடாம்பாரு.”

இதைச் சொல்லும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலது கை மட்டும் தொடையில் இரண்டு முறை தட்டியது.

*

மௌலாலிக் குன்றின் உச்சியில் தர்கா. அடிவாரத்தில் மஹ் லகா பாயின் கல்லறை. உருதுவில் கவிதைத் தொகுப்பு கண்ட முதல் பெண் என்று அறியப்படுபவர், 1824-இல் மறைந்தார். அந்தப் பக்கமே அணு எரிபொருள் வளாகம், 1971-இல் தொடங்கியது. அதற்குப் பக்கத்தில் ஈசிஐஎல், 1967-இல் வந்தது. ஈசிஐஎல்லை உருவாக்கிய ஏ. எஸ். ராவின் பெயரில் ஒரு பேட்டையே இருக்கிறது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை வடிவமைக்கும் வேலை 1977-இல் இங்கேதான் ஒப்படைக்கப்பட்டது. 2019 மக்களவைத் தேர்தலில் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களோடு நாட்டிலேயே பெரிய தொகுதி மல்காஜ்கிரி. ஏர் ஓட்டிய கிராமம் இது.

ஆனால் எனக்கு நெருக்கமானது அணு எரிபொருள் வளாகத்தின் குழாய். யுரேனியம் ஆக்சைடை வில்லைகளாக்கி ஒரு குழாய்க்குள் அடுக்குகிறார்கள். அப்படிப் 19 குழாய் சேர்ந்தால் ஒரு கட்டு, அரை மீட்டர் நீளம். குழாய் ஜிர்கோனியக் கலவையில் செய்தது. உலைக்குள் நியூட்ரான்களை வீணாகத் தின்னாத உலோகம் அது. அதோடு ஒட்டிப் பிறந்த ஹாஃப்னியம் நியூட்ரானை விழுங்கிவிடும். அதனால் இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும். அவ்வளவு பாடுபட்டு எடுக்கும் ஜிர்கோனியத்தின் மூலம் நம் கடற்கரை மணல், மணவாளக்குறிச்சியில் கிடைக்கிற மணல். அதைப் பக்குவப்படுத்தி உலோகமாக்க இந்த வளாகத்துக்கு ஒரு கிளை உண்டு. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பழையகாயலில்.

ஏரலிலிருந்து பழையகாயலுக்குச் சைக்கிளில் போயிருக்கிறேன். உப்பளம், பனை, காற்று. அங்கிருந்து புறப்படும் உலோகம் மல்காஜ்கிரிக்குப் பக்கத்தில் வந்து குழாயாகிறது. எரிபொருள் அடைத்த குழாய் கல்பாக்கத்துக்கும் போகிறது. கல்பாக்கம் அணுமின் நிலையம் வணிகரீதியாக மின்சாரம் தரத் தொடங்கியது 1984-இல். அந்த வருடங்களில் ஏரலில் எங்கள் வீட்டுக் குண்டுபல்பு மங்கி மங்கி எரியும். அதன் கீழே உட்கார்ந்துதான் படித்தேன். நான் வந்த பாதை எனக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தேன். நம் கடற்கரை மணலும் அதே பாதையில் வந்திருக்கிறது. இது தெரிந்த அன்று ராத்திரி வெகுநேரம் மொட்டைமாடியில் மௌலாலிக் குன்றின் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

*

2020 மழைக்காலம். நேரேட்மெட்டில் திறந்து கிடந்த நாலாவில், மழைநீர் வடிகாலில், ஒரு குழந்தை விழுந்தது. கீழே பண்டா செருவில்தான் கண்டெடுத்தார்கள்.

மேலே காலனி வரைபடம் எத்தனை முறை மாறினாலும் தண்ணீருக்குத் தன் வழி மறக்கவில்லை. நாம் மறந்தோம், அதைத் திறந்தும் போட்டோம். அந்த வருட அக்டோபரில் பெய்த பெருமழையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, ஏரி உள்ளே வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். ஏரி எங்கேயும் வரவில்லை. அது இருந்த இடத்தில்தான் நாங்கள் கட்டில் போட்டிருந்தோம்.

*

குழாயைத் திறந்தால் கிருஷ்ணா, கோதாவரித் தண்ணீர். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேடேற்றி ஹைதராபாத்துக்குக் கொண்டுவருகிறார்கள். குளித்துக் கழுவி விடுவது மூசி வழியாகத் திரும்பக் கிருஷ்ணாவுக்கே போகிறது. இன்று பாத்திரம் கழுவும்போது கை கொஞ்சம் நின்றது.

*

சாயங்காலம் தூறல். அண்ணன் கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு இறங்கி வந்தார். பின்சுவர்ப் பாறையைக் காட்டச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றி வந்து பார்த்தார். குழிகளுக்கு மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஒரு தட்டு.

“பேசுது தம்பி. முழுசா இருக்கு.”

நானும் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் இன்னொரு முறை தட்டினார். மல்காஜ்கிரி ஸ்டேஷன் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி நகரும் சத்தம் வந்தது, அது அடங்கும்வரை காத்திருந்து மறுபடி தட்டினார்.

தூறல் வலுத்தது. இரண்டு பேரும் படிக்கட்டில் ஒதுங்கினோம். முதல் குழி நிரம்பி இரண்டாவதில் விழுந்தது. இரண்டாவது மூன்றாவதில். ஒன்பதாவதும் பெருகி, பாறையின் முதுகில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு இறங்கி, சுவரோரமாகப் பண்டா செருவுப் பக்கம் ஓடியது.