இடிபாட்டைக் காக்கும் அறம்

போலந்து நாட்டிலே அவுஸ்விற்ஸ் என்னும் இடத்தில், இரண்டாம் உலகப் போரின்போது, நாஜிகள் ஏறக்குறைய 11 இலட்சம் மக்களைக் கொன்றொழித்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் யூதர். அம்முகாம் 1947ஆம் ஆண்டு முதல் நூதனசாலையாக விளங்குகின்றது. கோயிலையும் கோட்டையையும் பேணுதற்கு அழகோ பெருமையோ காரணமாகலாம். கொலைக்களத்தைப் பேணுதற்குக் காரணம் யாது? அதனைப் புல் மூடட்டும் என விட்டுவிடுதலே மானிடப் பண்பன்றோ எனக் கேட்போரும் உளர்.

இவ்வினாவுக்குக் கொலைஞரே விடை தந்து சென்றிருக்கின்றனர். 1945 ஜனவரியிலே, சோவியத் படை நெருங்கி வரக்கண்ட அவர்கள், பிர்கெனாவில் எஞ்சியிருந்த நச்சுவாயு அறைகளை வெடிவைத்துத் தகர்த்தனர், ஆவணங்களை எரித்தனர். சாட்சியத்தை அழித்தல் கொலையின் இறுதிப் படியாகும். அவர்கள் முடிக்காது விட்ட பணியை மழையும் பனியும் முடிக்க நாம் பார்த்திருப்போமாயின், அது நடுநிலைமை ஆகாது, உடந்தையே ஆகும்.

ஆயின், காத்தல் என்பது யாது? பிர்கெனாவிலுள்ள 45 செங்கற் கொட்டில்கள், வெளியேற்றப்பட்ட கிராமத்தாரின் வீடுகளை இடித்தெடுத்த கல்லால், சதுப்பு நிலத்திலே, கைதிகளின் உழைப்பால் எழுந்தவை. அவை நீடித்து நிற்பதற்கெனக் கட்டப்படவில்லை. உள்ளே அடைக்கப்பட்டோரும் நீடித்து வாழ்வதற்கென அடைக்கப்படவில்லை. அவற்றைப் புதுக்கிச் சுண்ணம் பூசினால் கட்டடம் பிழைக்கும், சாட்சியம் சாகும். புதிய கல்லைச் சுட்டி, 'யாவும் கட்டுக்கதை' என்பார்க்கு அதுவே வாய்ப்பாகும். ஆதலின், தகர்ந்தவை தகர்ந்தபடியே தாங்கி நிறுத்தப்படுகின்றன. சாய்ந்த சுவர் மேலும் சாயாதவாறு மட்டும் வலுப்படுத்தப்படுகின்றது. இப்பணிக்கென 2009இல் நிறுவப்பட்ட நிதியம் 120 மில்லியன் யூரோவைத் திரட்ட முனைந்தபோது, அதிற் செம்பாதியை ஜேர்மனி ஏற்றது. அதனை நன்கொடை என்பதிலும் கடன் என்பதே பொருந்தும்.

இன்னுமொன்று நோக்கத்தக்கது. மாண்டோரின் காலணிகள் துடைத்துப் பேணப்படுகின்றன. ஆயின், கண்ணாடிக்கு அப்பால் குவிந்து கிடக்கும் கூந்தலுக்கு எப்பரிகரிப்பும் செய்யப்படுவதில்லை. காலணி பொருள், கூந்தல் மனித உடலின் கூறு. அது தன் இயல்பிலே மாய்ந்துபோக விடப்படுகின்றது. சாட்சியம் எத்துணை வேண்டப்படினும், இறந்தோர் உடலை நம் விருப்பப்படி நிலைநிறுத்தும் உரிமை நமக்கில்லை.

எனவே, பேணற்றிட்டம் பொறியியலாளரின் கணக்கு மட்டுமன்று. எதனைக் காப்பது, எதனை மாயவிடுவது, எங்கே கையை நிறுத்துவது என்னும் அறத்தீர்ப்புமாகும். முகாமினின்று மீண்டோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். நாளை வினவுவார்க்குச் செங்கல்லே விடையிறுக்க வேண்டும். அதன் வாயில் நம் சொல்லைப் புகுத்தாது, அதனையே பேசவிடுதல் வாழ்வோர் கடன்.