ஆலிஸின் சிரிப்பு

2014இல் ஒரு நள்ளிரவு. சர்வரில் புது வெர்ஷனை ஏற்றிவிட்டு, எதுவும் வெடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூக்கம் வராமலிருக்க ஓர் ஆவணப்படத்தைப் போட்டேன். 'தி லேடி இன் நம்பர் 6'. நாற்பது நிமிடம்கூட இல்லை. லண்டனில் ஓர் ஒற்றை அறை வீடு, ஒரு பியானோ, 109 வயதுப் பாட்டி. இரண்டு விரல்கள் மடங்காது. மிச்சம் எட்டு விரல்களால் வாசிக்கிறார். படம் ஆஸ்கர் வாங்குவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, பிப்ரவரி 23 அன்று, 110 வயதில் இறந்துபோனார். பெயர் ஆலிஸ் ஹெர்ட்ஸ்-ஸோமர். பிராக் நகரில் பிறந்த யூதப் பெண்.

படம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருக்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவருக்கு நடந்ததெல்லாம் தெரிந்தபிறகு எரிச்சல் கூடியது.

1939இல் நாஜிகள் பிராகுக்குள் வந்தபோது அக்காவும் இரட்டைச் சகோதரியும் பாலஸ்தீனத்துக்குக் கிளம்பிப்போனார்கள். ஆலிஸ் போகவில்லை, வயதான அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவது? 1942இல் அந்த அம்மாவையே பிடித்துக்கொண்டு போனார்கள். எழுபதைக் கடந்தவர், திரும்பவேயில்லை. வழியனுப்பிவிட்டு வந்த அந்த நாள்தான் வாழ்க்கையின் அடிமட்டம் என்று பின்னாளில் ஆலிஸ் சொன்னார். அதிலிருந்து எழ அவர் பிடித்துக்கொண்டது ஷோபானின் 24 எத்தூட்கள். பியானோவில் கைகளை உடைத்துப்போடும் அளவுக்குக் கடினமானவை. நாள் முழுக்க அதையே பழகினார். அடுத்த வருடம் கணவரையும் ஆறு வயது மகனையும் அவரையும் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள்.

தெரேசியன்ஷ்டாட் ஒரு விசித்திரமான இடம். சுமார் 1,40,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். 33,000 பேர் அளவில் பசியிலும் நோயிலும் அங்கேயே செத்தார்கள். கிட்டத்தட்ட 90,000 பேரைக் கிழக்கே கொலைக்களங்களுக்கு அனுப்பினார்கள். ஆனால் அதே இடத்தில் கச்சேரி நடந்தது, நாடகம் நடந்தது. ஆலிஸ் நூறு கச்சேரிகளுக்கு மேல் வாசித்தார். மகன் ரஃபி, 'புருண்டிபார்' என்ற குழந்தைகள் ஆப்பெராவில் சிட்டுக்குருவியாக நடித்தான். கூட நடித்த பிள்ளைகளில் பெரும்பாலோரும், இசையமைத்த ஹான்ஸ் க்ராஸாவும் ஆஷ்விட்ஸில் முடிந்தார்கள்.

ஏன் சாப்பிட எதுவுமில்லை, போர் என்றால் என்ன என்று பையன் கேட்பான். ஆலிஸ் கதை சொல்வார், சிரிப்பார். கணவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பியபோதும் மகன் முன்னால் அதே முகம்தான். போகும்போது கணவர் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: எதற்கும் நீயாகப் பெயர் கொடுக்காதே. சில நாளில், கணவர்களிடம் போக விரும்பும் பெண்கள் வரலாம் என்று அறிவிப்பு வந்தது. ஆலிஸ் பெயர் கொடுக்கவில்லை. அதனால்தான் அவரும் பையனும் பிழைத்தார்கள். கணவர் டாஹாவ் முகாமில் இறந்தார்.

என் தொழிலில் பெரிய பாவம் ஒன்று உண்டு. உள்ளே பிழை நடந்துகொண்டிருக்க, வெளியே எல்லாம் பச்சை என்று காட்டும் நிரலை எழுதுவது. சிவப்பாகக் காட்டித் தொலைத்தாலாவது யாராவது ஓடிவந்து சரிசெய்வார்கள். ஆலிஸின் முகத்தை அந்தப் பச்சை விளக்காகத்தான் முதலில் பார்த்தேன்.

அதற்குச் சொந்தக் காரணமும் இருந்தது. நான் பத்தாவது படிக்கும்போது அப்பா மூன்று வாரம் வீட்டில் இல்லை. லோடு விஷயமாக நாக்பூர் போயிருக்கார் என்றார் அம்மா. வந்தபோது பாதியாக இளைத்திருந்தார். அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கலையாம். அது மூளைக்காய்ச்சல் என்பதும், மதுரையில் ஐசியூவில் கிடந்தார் என்பதும், டாக்டர் கைவிரித்துவிட்டார் என்பதும் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா வாயிலிருந்து தற்செயலாக விழுந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார், சரி. செத்திருந்தால்? கடைசியாக ஒருமுறை பார்க்கும் உரிமையை யாரைக் கேட்டு எடுத்துக்கொண்டாய் என்று அம்மாவிடம் கத்தினேன்.

ஆலிஸைப் பற்றி மேலும் படித்தபோது ஒரு தேதியில் தடுக்கி நின்றேன். 1944 ஜூன் 23. அன்று செஞ்சிலுவைச் சங்கத்தார் முகாமைப் பார்வையிட வந்தார்கள். சுவருக்குச் சாயம் பூசி, செடி நட்டு, குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் போட்டு வைத்திருந்தார்கள். கூட்டம் அதிகமாகத் தெரியக்கூடாதென்று அதற்கு முந்தைய மாதமே சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர்களுக்கு 'புருண்டிபார்' போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் திருப்தியோடு போனார்கள்.

ஒரே முகாமுக்குள் இரண்டு பொய்கள். பொய் பொய்தானே என்று தட்டையாகச் சொல்லிவிட முடியவில்லை. ஒரு பொய்க்கான விலையை 7,500 பேர் கொடுத்தார்கள். இன்னொன்றுக்கான விலையைச் சொன்னவளே கொடுத்தாள், தினமும், முகத்தால். ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் இருந்தது. ஏமாற்றப்பட்ட பிள்ளைக்கு அதில் ஒரு பங்கும் இல்லையா? போருக்குப் பிறகும் அவர் மகனிடம் முகாமைப் பற்றிப் பேசவில்லை. பையன் மனதில் வெறுப்பு வளர்ந்துவிடக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம்.

இதற்குப் பதில் மகனிடமிருந்தே கிடைத்தது. ஆலிஸின் வாழ்க்கை வரலாற்று நூலின் பெயர் 'நரகத்தின் நடுவே ஓர் ஏதேன் தோட்டம்'. நரகத்துக்குள் தனக்கு அம்மா அப்படியொரு தோட்டம் போட்டுக் கொடுத்தாள் என்பது மகனின் பார்வை. அதில் 'நரகம்' என்ற சொல்லையும் பாருங்கள். அவர் ஏமாறவில்லை. ஏமாறியவருக்கு அது வெறும் தோட்டமாகத்தான் தெரிந்திருக்கும்.

ரஃபி பெரிய செல்லோ கலைஞரானார். 2001இல், இஸ்ரேலில் கச்சேரிக்குப் போன இடத்தில் திடீரென்று இறந்தார், வயது 64. அம்மாவுக்கு 97. வலியில்லாமல் போனானே என்று அதற்கும் நன்றி சொன்னார் ஆலிஸ், பிறகு பியானோ முன்னால் உட்கார்ந்தார். பேரன்கள் இருவர் மிச்சம். அந்தச் சிரிப்பை இயல்பான குணம் என்று நினைத்ததுதான் என் தவறு. தினமும் பல மணிநேரம் பழகும் எத்தூட் மாதிரி அதுவும் ஒரு உழைப்பு. இறந்தவர்களைச் சொல்லும்போது யூதர்கள் 'அவர் நினைவு ஆசியாகட்டும்' என்று சேர்த்துச் சொல்வார்கள். "எப்போதும் சிரித்த முகம்" என்று எழுதி மாலை போட்டுவிட்டால் அந்த உழைப்பு மறைந்துபோகிறது.

முகாமில் ரஃபி அம்மாவோடு ஒரே படுக்கையில்தான் தூங்கினான். அப்படியென்றால் ஆலிஸ் எங்கேதான் அழுதிருப்பார் என்று யோசித்தபோதுதான், இதை நான் வீட்டில் கேட்டதேயில்லை என்று உறைத்தது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது கேட்டேன்.

"நாக்பூர் நாக்பூர்னு சொன்னியே, அந்த மூணு வாரமும் நீ எங்கம்மா அழுத?"

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"காலைல தண்ணி மோட்டார் போடுவேன்ல. அது ஓடுறப்ப பின்னாடி போய் நின்னுக்குவேன். சத்தம் கேக்காதுல்ல."

அந்த வருஷம் டேங்க் அடிக்கடி நிரம்பி வழிந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாடம் படித்துக்கொண்டே, "ம்மா, மோட்டார ஆஃப் பண்ணு, தண்ணி வீணாப் போகுது" என்று உள்ளேயிருந்து கத்துவேன்.