பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது நம் முன்னோர் வாக்கு. தவறு ஒருவரிடம் இருக்க, தண்டனை மற்றொருவர் தலையில் விழும்போது இதனை நினைவுகூர்கிறோம். மனிதரிடையே நிகழும் அநீதியைச் சுட்டப் பிறந்த இப்பழமொழியை உயிரற்ற ஒரு கருவிக்கும் பொருத்திப் பார்க்கலாமா? கருவிக்கு ஏது மானம், ஏது நோவு என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், மடிக்கணினி ஒன்றைக் குப்பையில் எறிந்தால் அதற்கு வலிப்பதில்லை. ஆயினும் தீர்ப்பு வழங்குவோர் நாம் அல்லவா? விசாரியாமல் தீர்ப்பிடும் பழக்கம் எங்கே தொடங்கினாலும், தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. எனவே, பழுதுபட்ட ஒரு பொருளின் முன் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதும் அறம் சார்ந்த கேள்வியே.

லெனோவோ நிறுவனம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட திங்க்பேட் டி440பி என்னும் மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். அலுவலகப் பணிக்கென உருவான உறுதியான கருவி அது. இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினால் அடிமூடி திறந்துகொள்ளும். கொக்கிகளை விலக்கினால் பேட்டரியைக் கையாலேயே உருவிவிடலாம். அதன் குறை திரையில் இருந்தது. விலை குறைந்த வகையில் 1366க்கு 768 படப்புள்ளிகள் மட்டுமே கொண்ட திரை பொருத்தப்பட்டிருந்தது. சற்றே சாய்ந்து பார்த்தால் நிறம் மாறும். தமிழ் எழுத்துகளின் சுழிகளும் மெய்யெழுத்தின் தலைப்புள்ளியும் சிறிய அளவில் ஒன்றோடொன்று குழம்பித் தெரியும். நாள்தோறும் பல மணி நேரம் வாசிப்பவருக்கு இது சிறு குறையன்று.

இதே கணினி 1920க்கு 1080 படப்புள்ளிகள் கொண்ட திரையுடனும் விற்கப்பட்டது. ஆகவே அளவும், இணைப்பானின் முனைகளின் எண்ணிக்கையும், திருகாணி இடங்களும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்கினால், பழைய திரையை எடுத்துவிட்டுத் தெளிவான திரையைப் பொருத்திக்கொள்ளலாம். முதலில் பேட்டரியைக் கழற்றி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சுற்றுச் சட்டத்தை மெல்ல நெம்பியெடுத்து, நாடா போன்ற இணைப்பைப் பொறுமையுடன் மாற்ற வேண்டும். கண்ணுக்கு இதமான திரையை விரும்புவது ஆடம்பரமன்று. முழுக் கணினியையும் எறியாமல் குறையுள்ள உறுப்பை மட்டும் மாற்றுவது சிக்கனமும் ஆகும்.

சிக்கல் அதன் பின்னரே தலைதூக்கக்கூடும். புதுத் திரை வந்த சில நாட்களில் பேட்டரி முன்போல் நிற்பதில்லை என்று தோன்றுகிறது. "பேட்டரி போய்விட்டது" என்று உடனே தீர்ப்பு எழுதப்படுகிறது. பேட்டரிக்கு வயதும் ஆகிவிட்டதால் ஐயப்பட யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் நடந்தது என்ன? மடிக்கணினியில் மின்சாரத்தை மிகுதியாகச் செலவிடும் உறுப்புகளுள் திரையும் ஒன்று. படப்புள்ளிகள் ஏறத்தாழ இருமடங்காகிவிட்டன. அழகிய திரை வந்ததென்று வெளிச்சத்தையும் கூட்டி வைத்துவிடுகிறோம். ஒரு கணக்குப் பார்ப்போம். 50 வாட்-மணி ஆற்றல் கொண்ட பேட்டரி, சராசரியாக 10 வாட் வீதம் செலவானால் 5 மணி நேரம் தாங்கும். செலவு 12.5 வாட் ஆனால் 4 மணி நேரம்தான் தாங்கும். பேட்டரியில் யாதொரு மாற்றமும் இல்லை. அதன்மேல் ஏற்றிய சுமைதான் கூடியது. பெருமை திரைக்கு, பழி பேட்டரிக்கு!

அப்படியாயின் பேட்டரி எப்போதும் குற்றமற்றது என்று கூறிவிடலாமா? அதுவும் விசாரியாத தீர்ப்பே. நேர்மையான விசாரணைக்கு வழிகள் உள்ளன. திரையின் வெளிச்சத்தைப் பழைய அளவுக்குக் குறைத்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என ஒப்பிடலாம். சார்ஜர் அந்தக் கணினிக்கு உரிய வாட் அளவு கொண்டதா, செருகும் இடம் தளர்ந்துள்ளதா என்று பார்க்கலாம். சார்ஜரின் குறைக்காகப் பேட்டரி தூக்கியெறியப்படுவது அரிதன்று. விண்டோஸ் இயங்குதளத்தில் பேட்டரி அறிக்கையை உருவாக்கும் வசதி உண்டு. தயாரிப்பின்போது குறிக்கப்பட்ட கொள்ளளவையும், இன்று முழுமையாக நிரம்பும் அளவையும் அது அருகருகே காட்டும். முதல் எண் 50 ஆகவும் இரண்டாவது எண் 45 ஆகவும் இருந்தால் பேட்டரியைக் குறைகூற இடமில்லை. இரண்டாவது 20 ஆகக் குறைந்திருந்தால் அதன் காலம் முடிந்துவருகிறது எனலாம்.

இந்தச் சாட்சியும் சில வேளைகளில் பிழைபடும். பேட்டரிக்குள் உள்ள சிறு மின்சில்லு, எஞ்சிய ஆற்றலைக் கணித்தே சொல்கிறது. நெடுங்காலம் முழுமையாகத் தீர்ந்து நிரம்பாதிருந்தால் அக்கணிப்பு பிசகிவிடும். 30 விழுக்காடு எனக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கணினி அணைந்துவிடுவதும் உண்டு. ஒருமுறை முழுவதும் நிரப்பி, தீரும்வரை பயன்படுத்தி, மீண்டும் முழுவதும் நிரப்பினால் கணிப்பு பெரும்பாலும் சீர்ப்படும். ஒரு முறை சாட்சியம் தவறியவரை மறுபடியும் கேட்க வேண்டும் என்பது நீதிமன்றங்களுக்கு மட்டும் உரிய நெறியா?

இனி, பேட்டரி உண்மையாகவே நலிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம்-அயனி மின்கலங்கள் பயன்பாட்டாலும் காலத்தாலும் தேய்வது இயல்பு. ஆனால் வெப்பமும், எந்நேரமும் நூறு விழுக்காடு நிரம்பிய நிலையும் அத்தேய்வை விரைவுபடுத்துகின்றன. மெத்தைமேல் வைத்துக் காற்றுவழியை அடைப்பதும், இரவும் பகலும் சார்ஜரிலேயே விடுவதும் பரவலாகக் காணும் வழக்கங்கள். நிரப்பும் அளவை 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளும் வசதி பல கணினிகளில் இருந்தும் அதை நாடுவோர் சிலரே. நலிவுக்குக் காரணமானவரே நலிந்ததைப் பழிப்பது உலகியல்பு போலும்.

தீர்ப்பின் விலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இம்மின்கலங்கள் பலவற்றுக்கு வேண்டிய கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் மண்ணிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் சிறுவர்களும் உழைப்பதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016இல் வெளியிட்ட அறிக்கை உலகுக்கு எடுத்துரைத்தது. மறுமுனையில், 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என ஐ.நா. அமைப்புகளின் கணக்கு கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால் பங்குக்கும் குறைவு. பழுதில்லாத பேட்டரியை எறிபவர் தம் பணத்தை மட்டுமா எறிகிறார்?

பொறுப்பு முழுவதையும் பயன்படுத்துவோர் தலையில் சுமத்துவதும் முறையன்று. பேட்டரியைப் பசையிட்டு ஒட்டித் திறக்கவொண்ணாதபடி செய்யும் தயாரிப்பாளரும் பதில்சொல்லக் கடமைப்பட்டவரே. பழுதுநீக்கத் தக்க தன்மையை மதிப்பெண்ணாகக் காட்ட வேண்டும் என்று பிரான்சு 2021இல் விதித்தது. எடுத்துச்செல்லும் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற இயல வேண்டும் என்று, சில விலக்குகளோடு, ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டமியற்றி, 2027 பிப்ரவரியை அதற்குக் காலவரையறையாக வைத்தது. இந்தியாவிலும் பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தை நடுவண் அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது. சட்டம் கருவியைத் திறக்கும் உரிமையைத் தரலாம். திறந்து பார்க்கும் பொறுமையை எந்தச் சட்டம் தரும்?

அப்பொறுமைக்கும் எல்லை உண்டு. உப்பிப்போன பேட்டரியைச் சிக்கனம் கருதி வைத்துக்கொள்வது ஆபத்து. அது தீப்பற்றக்கூடும், அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. உடனே பயன்பாட்டை நிறுத்தி, தக்கவரைக் கொண்டு அகற்றி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைப்பதே கடமை. விசாரித்த பின் விடைகொடுப்பது அநீதியாகாது.

கருவியிடம் பழகும் இம்முறை மனிதரிடமும் தொடர்வதைக் காண்கிறோம். வீட்டுக்கு மேல்மாடி எழுகிறது, கடன் ஏறுகிறது. உழைத்து இளைத்த குடும்பத் தலைவரைப் பார்த்து, "இவர் முன்போல் இல்லை" என்கிறோம். பள்ளி, தனிப்பயிற்சி, போட்டித் தேர்வு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, பிள்ளை சோர்ந்தால் பிள்ளைதான் மந்தம் என்கிறோம். ஒளிர்வதை வியந்து, அதற்கு ஆற்றல் தருவதைப் பழிக்கிறோம். மேல்மாடியையும் தேர்வையும் வேண்டாமென்பதில்லை. அவற்றின் சுமை யார்மேல் இறங்குகிறது என்று முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதே நாம் சொல்ல விழைவது. நலிந்த பேட்டரிக்கு மாற்றாகக் கடையில் இன்னொன்று கிடைக்கும். நம் வீட்டில் சோர்ந்திருப்பவருக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை. அவர்மேல் என்ன சுமை ஏற்றியிருக்கிறோம் என்று இன்றே அவரிடம் கேட்டுப் பார்ப்போமா?