சுட்டும் உரிமையும் தடுக்கும் உரிமையும்

பொதுவெளியில் வைக்கப்பட்ட ஒன்றைப் பிறர் சுட்டிக்காட்டலாகாது என்று தடுக்கும் உரிமை, அதை வைத்தவருக்கு உண்டா என்ற வினா, முன் அனுமதியின்றித் தம் பக்கங்களுக்கு இணைப்பு தரக் கூடாது என்று சில இணையதளங்கள் நிபந்தனை விதிப்பதால் இக்காலத்தில் கூர்மை பெற்றுள்ளது. இணைப்பு என்பது ஒரு பக்கத்தின் முகவரியை அறிவிக்கும் குறிப்பு மட்டுமே. அதை ஒருவர் அழுத்தும்போது அவருடைய உலாவி அம்முகவரியில் பக்கத்தைக் கேட்க, தருவதா மறுப்பதா என்பதை அத்தளத்தின் கணினியே முடிவு செய்கிறது.

பூவிருந்தவல்லியில் பிறந்து, காஞ்சி வரதராசருக்குத் திருவாலவட்டம் எனப்படும் விசிறி வீசும் தொண்டு புரிந்த திருக்கச்சி நம்பியின் வரலாறு இவ்வினாவுக்கு ஒளி தருகிறது. இராமானுசரின் ஐயங்களுக்கு விடையாக அவர் வரதராசரிடமிருந்து ஆறு வார்த்தைகளைப் பெற்றுத் தந்தார் என்றும், அவற்றுள் ஒன்று பெரிய நம்பியை ஆசாரியராகப் பற்றுமாறு பணித்தது என்றும் வைணவ மரபு கூறும். திருக்கச்சி நம்பி தாம் ஆசாரியராக அமராமல், ஆசாரியர் இன்னார் என்று காட்டினார்; உபதேசம் செய்யும் அதிகாரமோ காட்டிய பின்னும் பெரிய நம்பியிடமே முழுமையாக இருந்தது. சுட்டுதல் வேறு, எடுத்துக்கொள்ளுதல் வேறு என்பதும், முன்னதால் உடையவருக்கு இழப்பில்லை என்பதும் இங்கே தெளிவாகின்றன.

இதற்கு மறுப்பாகத் திருக்கோட்டியூர் நிகழ்ச்சியைக் காட்டலாம். பதினெட்டு முறை நடந்து சென்று பெற்ற மறைபொருளைப் பிறர்க்கு வெளியிடலாகாது என்று அதை உபதேசித்தவர் இட்ட ஆணையை இராமானுசர் மீறினார் என்றும், அதன் பயனாகிய நரகத்தைத் தாம் ஏற்க முன்வந்தார் என்றும் மரபு சொல்வதால், தடை பொருளற்றதன்று என்பது உண்மையே. ஆனால் அத்தடை, மூடிய உபதேசத்தில் மாணவர் அறிந்தே ஏற்ற வாக்கைச் சார்ந்தது. எல்லார்க்கும் திறந்த பக்கத்தைப் படிப்பவர் எவருக்கும் அத்தகைய வாக்கு கொடுத்தவரல்லர். மறைக்க விரும்புவோர் கடவுச்சொல் வைத்துப் பக்கத்தைப் பூட்டலாம். பூட்டாமல் வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தைச் சொல்லாதே என்பது தன்னையே மறுக்கும் கூற்றாகும்.

சட்டமும் பெரும்பாலும் இவ்வழியே செல்கிறது. உரிமையாளரின் இசைவோடு எல்லார்க்கும் திறந்து வைக்கப்பட்ட படைப்புக்கு இணைப்பு தருவது புதிய வாசகர் கூட்டத்துக்கு அதை வழங்குவதாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு ஸ்வென்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 52(1)(சி) பிரிவு, இணைப்பு தருவதற்காகப் படைப்பைத் தற்காலிகமாகச் சேமிப்பதை, உரிமையாளர் வெளிப்படையாகத் தடுக்காதவரை அனுமதிக்கிறது. அங்கே தடைச்சொல்லுக்கு மதிப்பு உண்டு எனினும், அப்பிரிவு பேசுவது சேமிப்பைப் பற்றியே அன்றி, முகவரியைக் கூறுவதைப் பற்றியன்று. இந்திய அரசுத் தளங்கள் பல, இணைப்புக்கு முன் அனுமதி வேண்டாம் என்றும், தம் பக்கத்தைப் பிறர் தத்தம் தளத்தின் சட்டகத்துக்குள் அடைத்துக் காட்டலாகாது என்றும் அறிவிப்பது, சுட்டுதலையும் கவர்தலையும் சரியாகவே பிரிக்கிறது.

எனினும் சுட்டுவோர் பொறுப்பிலிருந்து விடுபட்டவரல்லர். ஒருவரின் களவாடப்பட்ட அந்தரங்கத்துக்கு வழிகாட்டுபவர் அத்தீங்கில் பங்கு கொள்கிறார். ஆயின் அக்குற்றம் பிறர்க்கு இழைத்த கேட்டினால் வருவதேயன்றி, தள உரிமையாளரின் அனுமதியைப் பெறாமையால் வருவதன்று.

ஆகவே நகலெடுப்பதையும் தமதெனக் காட்டுவதையும் தடுக்கும் உரிமை இணையதளங்களுக்கு உண்டு. தாம் திறந்து வைத்ததைச் சுட்டுவதைத் தடுக்கும் அறவுரிமை அவற்றுக்கு இல்லை. ஆவடியிலோ அம்பத்தூரிலோ வாழும் ஒருவர், அனைவர்க்கும் பயன்படும் அரசாணை ஒன்றின் இணைப்பை அண்டை வீட்டாருக்கு அனுப்ப எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அனுமதி கேட்கச் சொல்லும் நிபந்தனைகளைப் பொது நிறுவனங்களேனும் தம் தளங்களிலிருந்து நீக்கிவிட வேண்டும்.