நெஞ்சில் ஒரு திருப்பணி



இந்த மாதம் பூசலார் நாயனாரைப் பற்றிப் பேசப் போகிறேன். நடுவில் உங்களைத் தரையில் படுத்துத் தண்டால் எடுக்கவும் சொல்லப் போகிறேன். "ஐயாவுக்கு என்ன ஆச்சு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இரண்டும் ஒரே பேச்சுதான்.

பூசலார் கதை சமய வகுப்புக்கு வந்தவர்களுக்குத் தெரியும். தொண்டை நாட்டுத் திருநின்றவூர்க்காரர். இன்றைக்குச் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் போய்விடக்கூடிய ஊர். சிவபெருமானுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கையில் காசு இல்லை. பல இடங்களில் தேடிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. சரி, மனத்திலேயே கட்டிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டார். அங்கே காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் பெரும் பொருள் செலவழித்துக் கற்றளி எழுப்பிக்கொண்டிருந்தான். இரண்டு கோயிலுக்கும் ஒரே நாளில் குடமுழுக்கு என்று அமைந்தது. இறைவன் மன்னனின் கனவில் வந்து, "அன்றைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார்த்துக்கொள்" என்கிற மாதிரி சொல்லிவிட்டார். மன்னன் திருநின்றவூருக்கு ஓடி வந்து, கோயில் எங்கே, கோயில் எங்கே என்று கேட்டான். ஊர்க்காரர்கள் விழித்தார்கள். அப்படி ஒரு கோயிலே அங்கே இல்லை.

இதில் நாம் வேகமாகத் தாண்டிப் போகிற ஓர் இடம் இருக்கிறது. மனசுக்குள்ளே கட்டுகிற கோயில்தானே, ஒரே நொடியில் கோபுரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடலாமே? கல்லுக்குக் காசு வேண்டாம், கொத்தனாருக்குக் கூலி வேண்டாம், பார்க்கவும் ஆள் இல்லை. ஆனால் சேக்கிழார் சொல்வதைப் பாருங்கள். பூசலார் மனத்திலேயே பொருள் சேர்த்தார். தச்சர்களைத் தேடினார். நல்ல நாள் பார்த்தார். ஆகமப்படி அடித்தளம் போட்டார். உபானம் முதல் சிகரம் வரைக்கும் அளவு தப்பாமல் எழுப்பினார். சுதை வேலை முடித்தார், கிணறு தோண்டினார், மதில் எழுப்பினார், குளமும் வெட்டினார். எல்லாவற்றுக்கும் பிறகுதான் குடமுழுக்குக்கு நாள் குறித்தார்.

காசு இல்லாதவர் முறையை மட்டும் விடவில்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான்.

இப்போது தண்டாலுக்கு வருகிறேன். எங்கள் வகுப்புக்கு வருகிற ஒரு தம்பி, எஸ்.பி.எம். முடித்தவர், ஒரு நாள் எல்லாரும் போன பிறகு பாய் சுருட்டுகிற சாக்கில் நின்றார். "ஐயா, சாமி வகுப்புல இத கேக்கலாமான்னு தெரியல" என்று ஆரம்பித்தார். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம். நாலாவது மாடி வீடு. "அப்பாவ கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்தறப்ப எனக்கு கை நடுங்குதுய்யா. நெஞ்சுல பலமே இல்ல. அம்மாவால முடியாது. ஜிம்முக்கு மாசாமாசம் வெள்ளி கட்ட நம்மகிட்ட இல்ல. வீட்லயே எதாச்சும் செய்ய முடியுமா?"

சமய வகுப்பில் கேட்கக்கூடாத கேள்வியா இது? என்னைக் கேட்டால், அந்த மாதம் யாரும் இதைவிட நல்ல கேள்வி கேட்கவில்லை. (விவேகானந்தர் கால்பந்தையும் கீதையையும் சேர்த்துச் சொன்னதை மேடைக்கு மேடை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் விட்டுவிடுகிறேன்.)

தமிழில் நெஞ்சு என்றால் மார்பும்தான், மனசும்தான். "நெஞ்சுல கை வச்சு சொல்லு" என்கிறோம். பூசலார் கோயில் கட்டிய இடமும் அதுதான். திருநின்றவூரில் இன்று இருக்கிற சிவன் கோயிலில் சுவாமியின் பெயரே இருதயாலீசுவரர். சாமி குடியிருக்கிற வீட்டின் சுவரைப் பலப்படுத்துவது திருப்பணியில் சேருமா, சேராதா? நீங்களே சொல்லுங்கள்.

மார்புத் தசை ஒரு விசிறி மாதிரி. காறை எலும்பிலும் நடு நெஞ்செலும்பிலும் விரிந்து தொடங்கி, மேல்கையில் வந்து குவிகிறது. தள்ளுவதும், கையை முன்னால் கொண்டுவந்து அணைப்பதும் அதன் வேலை. அதற்குப் பளு வேண்டும். ஜிம்மில் இரும்பு. வீட்டில்? தண்டால் எடுக்கும்போது உடம்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளின் மேல் நிற்கிறது. 70 கிலோ இருக்கிற ஒருவர் கிட்டத்தட்ட 45 கிலோவைத் தள்ளுகிறார். ஒரு வெள்ளி செலவில்லை. பிறக்கும்போதே கொடுத்தனுப்பியிருக்கிறான்.

ஆனால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? முதல் நாளே தரையில் விழுந்து ஐம்பது எடுக்கப் பார்க்கிறார்கள். இடுப்பு தொய்கிறது, கழுத்து மட்டும் மேலும் கீழும் போகிறது, எண்ணிக்கை ஏறுகிறது. மறுநாள் தோள் வலி, அதோடு சரி. உபானம் வைக்காமல் சிகரம் வைக்கிற ஸ்தபதி எங்கேயாவது உண்டா?

அந்தத் தம்பிக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். முதலில் சுவர். சுவரில் கை ஊன்றி, சாய்ந்து, தள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், அடித்தளம் அப்படித்தான் இருக்கும். அது லேசாகிவிட்டால் அசையாத மேசை, அல்லது மாடிப்படி. கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு பளு குறைவு. அடுத்தது தரையில் முட்டி ஊன்றி. இதில் உடம்பின் பாதி எடை கைக்கு வருகிறது. சூரிய நமஸ்காரத்தில் பாதம், முட்டி, மார்பு, மோவாய், உள்ளங்கை எல்லாம் தரையில் படுகிற ஒரு நிலை வருமே, அதைச் செய்து பழகினவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தங்கைகளே, இதெல்லாம் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் பாட்டியைத் தூக்கி உட்கார வைப்பது நீங்கள்தான்.

அதற்குப் பிறகுதான் முழுத் தண்டால். உள்ளங்கை தோளைவிடக் கொஞ்சம் அகலமாக. முழங்கை இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரியாமல், உடம்போடு சாய்வாக. தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு. மூன்று எண்ணி இறங்குங்கள், ஒன்று எண்ணி ஏறுங்கள். ஏறும்போது மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள். ஒரு சுற்றுக்கு 8 முதல் 12, மூன்று சுற்று, நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. மூன்று சுற்றிலும் 15 சுத்தமாக வந்துவிட்டதா? அப்போதுதான் அடுத்த படி. காலை நாற்காலி மேல் வைக்கலாம். பள்ளிப் பையில் 5 கிலோ அரிசி மூட்டையை வைத்து முதுகில் மாட்டிக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து இரண்டு கையிலும் தண்ணீர்ப் போத்தல் பிடித்து மேலே தள்ளலாம். 5 லிட்டர் போத்தல் நிறைந்தால் 5 கிலோ, கடையில் இதைவிட மலிவான பளு கிடையாது. தோட்டத்து லயங்களில் அந்தக் கால அண்ணன்மார் மைலோ டின்னில் சிமெண்டு ஊற்றி, நடுவில் இரும்புக் குழாயைச் சொருகிக் காயவைத்துத் தூக்கினார்கள். அவர்களுடைய தோளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் அந்தத் தம்பியிடம் ஒளிக்காமல் சொன்னேன். ஆளைத் தூக்குவதற்கு நெஞ்சு மட்டும் போதாது. காலும் முதுகும்தான் முக்கால்வாசி வேலை செய்யும். அதனால் தண்டாலோடு பஸ்கியும் போட வேண்டும். அரிசிப் பையைத் தரையில் வைத்து, இடுப்பில் குனிந்து, முதுகை வளைக்காமல் பையை வயிற்றுப் பக்கம் இழுக்கிற பயிற்சியும் வேண்டும். நாள் முழுக்கக் கைப்பேசியைக் குனிந்து பார்த்து நம் தோள்கள் ஏற்கெனவே முன்னால் மடிந்துவிட்டன. தள்ளுவதை மட்டும் செய்தால் இன்னும் மடியும். தள்ளுகிற அளவுக்கு இழுக்கவும் வேண்டும். பிறகு, பக்கவாதம் வந்தவரின் தளர்ந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவக்கூடும். மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறவரிடம், "எப்படித் தூக்கணும், காட்டுங்க" என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளச் சொன்னேன். கேட்டார். அப்பாவை நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி, தன் முட்டியை மடக்கி எழச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி. அதைக் கேட்டபோது எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். தைப்பூசம் நெருங்கினால் சில பிள்ளைகளுக்கு மார்பு பெரிதாகிவிட வேண்டும் என்று அவசரம். காவடி எடுக்கும்போது படம் நன்றாக வரவேண்டுமாம். ஜிம்மில் யாரோ ஊசி தருகிறார், யாரோ பெயர் தெரியாத மாத்திரை தருகிறார். தம்பி, மருத்துவர் எழுதித் தராமல் போட்டுக்கொள்கிற அந்த ஊக்க மருந்து தசையை மட்டும் தொடுவதில்லை. இருதயத்தையும் கல்லீரலையும் தொடுகிறது, பிள்ளை பெறுகிற சக்தியைக் குறைக்கிறது. வெளிமதிலுக்குச் சாயம் பூசக் கருவறையை இடிக்கிற வேலை அது. 48 நாள் விரதம் இருக்கிற உடம்பில் இதை ஏற்றிக்கொண்டு பத்துமலையின் 272 படி ஏறுவதை நான் பக்தி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் சரி.

"உடம்பு அழியத்தானே போகுது, அதை ஏன்யா இவ்வளவு பாக்கணும்?" என்று பெரியவர்கள் சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு அப்பரைக் காட்டுகிறேன். முதுமையில் கயிலைக்கு நடந்து போனார். பாதம் தேய்ந்தது. கையால் தவழ்ந்தார், கையும் தேய்ந்தது. மார்பால் உந்தி நகர்ந்தார், மார்பும் சிதைந்தது. புரண்டார். ஓர் அங்குலமும் நகர முடியாதபோது இறைவன் வந்தார். வந்தவர் முதலில் என்ன கொடுத்தார்? காட்சியை அல்ல. எழுந்திரு என்று சொல்லி, தேய்ந்த உறுப்புகளையெல்லாம் திருப்பிக் கொடுத்தார். காட்சி அதற்குப் பிறகு, திருவையாற்றில். அதன் பிறகும் அப்பர் ஊர் ஊராக நடந்தார், உழவாரம் பிடித்துக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். உடம்பு வேண்டாததாக இருந்தால் எதற்குத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்?

சாப்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அம்மாமார்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். விலை உயர்ந்த புரதப் பொடி தேவையில்லை. சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை, மீன். புரட்டாசியிலும் விரத நாளிலும் பருப்பு, கடலை, தௌஹு, தெம்பே. தெம்பே நம் பாசாரில் மலிவு, நாம்தான் அதை மதிப்பதில்லை. தே தாரிக்கில் சீனியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், மாமாக் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். தூங்குங்கள். பூசலார் இரவும் கண் மூடாமல் கட்டினார் என்பது வாஸ்தவம்தான். ஆனால் தசை வளர்வது ஓய்வில், அதிலும் முக்கியமாகத் தூக்கத்தில். இந்த ஓர் இடத்தில் நாயனாரைப் பின்பற்ற வேண்டாம்.

பயிற்சியின்போது நடு மார்பில் அழுத்துகிற வலி, கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இருதய நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஆரம்பிக்கும் முன்பே டாக்டரைக் கேளுங்கள். முருகன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி வீட்டில் படுத்திருக்காதீர்கள். டாக்டரிடம் போகக் காலைக் கொடுத்ததும் அவன்தான்.

அந்தத் தம்பி சுவரில் ஆரம்பித்து இப்போது முட்டித் தண்டாலுக்கு வந்திருக்கிறார். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, பூசை அறைக்கு வெளியே அதே பாயில் செய்கிறாராம். அப்பா கட்டிலில் இருந்தபடி எண்ணுகிறார். பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை. எண்களைச் சொல்லிப் பழகட்டும் என்று பிள்ளை வேண்டுமென்றே மெதுவாக எடுக்கிறார். "ஏழுக்கப்புறம் ஒன்பதுக்கு தாவிடறாருய்யா, எனக்கு ஒண்ணு லாபம்" என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிறு காலை கோயிலில் உழவாரப் பணி இருக்கிறது. மண்டபத்துக் கம்பளங்களைத் தூக்கி வெயிலில் போட வேண்டும். நனைந்திருக்கும், கனமாக இருக்கும். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். பசியாறல் அங்கேயே.

திருச்சிற்றம்பலம்.