உட்கார வைக்கும் அன்பு

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் எழுபது வயதைத் தாண்டியவர்கள் நாள் தவறாமல் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன்.” வாசலில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட் எடுப்பது, கொடியில் துணி உலர்த்துவது, மேல் தட்டிலிருந்து பருப்பு டப்பாவை இறக்குவது என்று வேலைகள் ஒவ்வொன்றாகக் கைமாறிவிடுகின்றன. அன்பினால் சொல்வதுதான். ஆனால் அந்த அன்பு அவர்களிடமிருந்து எதைப் பறித்துக்கொள்கிறது என்று யோசித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

நிற்பது சும்மா இருப்பதைப் போலத் தெரிகிறது. உண்மையில் உள்ளங்கையில் நிறுத்திய துடைப்பத்தைப் போல உடம்பு ஓயாமல் சாய்ந்துகொண்டும் திருத்திக்கொண்டும் இருக்கிறது. கண், உள்காது, பாதம் மூன்றும் செய்தி அனுப்ப, மூளை கணத்துக்குக் கணம் தசைகளை இறுக்கித் தளர்த்துகிறது. கொடியில் புடவையைப் போடக் கை எழும்புவதற்குச் சற்று முன்பே காலிலும் முதுகிலும் உள்ள தசைகள் தயாராகிவிடுகின்றன. கை முன்னே போனால் உடம்பும் சாயும் என்பது மூளைக்குத் தெரியும். இது பழக்கத்தால் கூர்மையான அறிவு. பழக்கம் விட்டுப்போனால் மழுங்கும்.

வயது இந்த மூன்றையுமே தொடுகிறது. கண்ணில் புரை விழுகிறது. உள்காதின் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்தால் படுக்கையில் புரண்டாலே அறை சுழல்கிறது. நாள்பட்ட சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போகிறது. ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் ஓரளவு ஈடுகட்டுவதால் குறை வெளியே தெரிவதில்லை. பாதங்களைச் சேர்த்து நிற்கச் செய்து, கண்ணை மூடச் சொல்லி அந்தக் குறையை வெளிக்கொணரும் சோதனைக்கு, 19ஆம் நூற்றாண்டு பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க்கின் பெயர்தான். அதே சோதனை நம் வீட்டுக் குளியலறையில் தினமும் நடக்கிறது: ஈரத் தரை, முகத்தில் சோப்பு, மூடிய கண். மரத்துப்போன பாதத்துக்கு அந்த நொடியில் வேண்டியது சுவரில் ஒரு கம்பி.

கவனமும் இதில் சேர்த்தி. முதியோர் இல்லத்தில் நடந்துகொண்டிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்த ஸ்வீடன் ஆய்வு ஒன்று 1997இல் லான்செட் இதழில் வந்தது. பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தார்கள். நடப்பதற்கே அவர்களுக்கு முழுக் கவனமும் செலவாகியிருக்கிறது. ரங்கநாதன் தெருவில் ஒரு கையில் பையும் மறு கையில் போனுமாகக் கூட்டத்தை எதிர்கொள்ளும் பெரியவரின் நிலைமை இதிலிருந்து புரியும். 2019இல் பாண்டி பஜாரின் நடைபாதை அகலமான பிறகு அங்கே வயதானவர்கள் பேசிக்கொண்டே நடப்பதைப் பார்க்கிறேன். கிளைத் தெருக்களுக்குள் திரும்பியதும் பேச்சு நின்றுவிடுகிறது. அங்கே கண்ணைத் தரையை விட்டு எடுக்கக் கூடாது.

பிள்ளைகளின் பயம் பொய்யல்ல. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கின்படி கீழே விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். இடுப்பெலும்பு முறிந்து, பிறகு பழைய நடைக்குத் திரும்பாதவரைத் தெரியாத குடும்பம் அரிது. ஆனால் பயத்துக்கென்று ஒரு கெட்ட கணக்கு இருக்கிறது. விழுவோமோ என்று அஞ்சுபவர் நடமாட்டத்தைக் குறைக்கிறார், தொடைச்சதை வற்றுகிறது, அஞ்சியது நடந்துவிடுகிறது. உடற்பயிற்சியும் விழுதலும் குறித்த 108 ஆய்வுகளைத் திரட்டி 2019இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பு, பயிற்சி செய்பவர்கள் விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது என்றது. என்ன பயிற்சி? நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, எட்டி எடுப்பது, திரும்பி நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது. “நான் பார்த்துக்கறேன்” என்று நாம் வாங்கிக்கொண்ட வேலைகள்தான் பெரும்பாலும்!

என் அம்மாவுக்கு எந்த ஆய்வும் தெரியாது. “என்னை உட்கார வெச்சே கிழவியாக்கிடாதே” என்பார். அதன் பேரில் எங்களுக்குள் ஓர் உடன்பாடு. துணி அவர்தான் உலர்த்துவார், கொடியை மட்டும் தாழ்வாகக் கட்டியிருக்கிறோம். ஸ்டூல் மேல் ஏறுவது கிடையாது. அறுபத்துமூவர் திருவிழா அன்று மாட வீதிக் கூட்டத்தில் இறங்க மாட்டார், சாதாரண நாளின் காலையில் கபாலீஸ்வரரைப் பார்த்து வருவார். செருப்பைக் கழற்றும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதில் கூச்சம் கூடாது. புதிதாகத் தலைசுற்றலோ தள்ளாட்டமோ வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், டாக்டரிடம் போக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் விழலாம். அந்த வாய்ப்பை அடியோடு இல்லாமல் செய்வதென்றால் அவரைக் கட்டிலோடு போடத்தான் வேண்டும். எவ்வளவு அபாயத்தோடு வாழலாம் என்பதை அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். கம்பி அடிப்பதும், தரையை ஈரமில்லாமல் வைப்பதும், கேட்டால் கை கொடுப்பதும் பிள்ளைகள் பொறுப்பு.